அஞ்சு கட்டையில எடுத்தா ஆச்சி எங்க போவா?

காலேஜ் ஃபங்ஷன்ல நடக்குற ஒரு விபத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மேடையில நாலு பொண்ணுங்க ஒரு மைக்கைச் சுத்தி நிப்பாங்க. தமிழ்த்தாய் வாழ்த்து. மொத்தமே 55 செகண்ட். முதல் வரி அமோகமா கிளம்பும். மூணாவது வரியில ஒருத்தி இன்னொருத்தியைத் திரும்பிப் பார்ப்பா. பாட்டு மேல ஏற ஏற ரெண்டு பேர் வாயை மட்டும் அசைப்பாங்க, ஒருத்தி குரல் கீச்சுன்னு உடையும், இன்னொருத்தி சிரிச்சுடுவா. கீழ நிக்கிற நாம ஆயிரம் பேரும் கம்முனு செருப்பைப் பார்த்துக்கிட்டு நிப்போம்.

அந்தப் பொண்ணுங்களுக்குப் பாட வராதுன்னுதானே நினைச்சீங்க? நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இதே விபத்தை ஒரு கோயிலுக்குள்ள, என் சொந்த ஆச்சி முன்னாடி, ஏழெட்டு ஞாயித்துக்கிழமை தொடர்ந்து நடத்தின பிறகுதான் விஷயம் புரிஞ்சுது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நீங்க சர்ச்சுக்குப் போறவரா இல்லாட்டியும் படிங்க பாஸ். மார்கழி பஜனையா இருந்தாலும் சரி, ஹாஸ்டல் மொட்டை மாடியா இருந்தாலும் சரி, பத்துப் பேரைச் சேர்ந்து பாட வைக்கணும்னா எல்லா இடத்துலயும் ஒரே சிக்கல்தான்.

தூத்துக்குடி மாவட்டத்துல, சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மண் தேரி பக்கத்துல பனங்காட்டுக்குள்ள இருக்கு எங்க ஆச்சி ஊர். அறுபது எழுபது வீடு. அதுல பாதி வீட்டுல பூட்டு. ஆளுங்க சென்னையில மளிகைக் கடையில, இல்லைன்னா மும்பை, துபாய்ல. ஊர் நடுவுல ஓடு போட்ட ஒரு சின்ன சி.எஸ்.ஐ. ஆலயம். எங்க பக்கத்துல அதை சர்ச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கோயில்தான். சேகர குரு பல சபைகளைச் சேர்த்துப் பார்க்கணும்ங்கிறதால மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் வருவார். மத்த வாரமெல்லாம் சபை ஊழியர் நடத்துவார். எண்பது பேர் வந்தா அன்னிக்குப் பெரிய கூட்டம். அதுல அறுபது வயசுக்குக் கீழ இருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

கோயில்ல இருந்த ஆர்மோனியத்தைக் கரையான் தின்னு முடிச்ச பிறகு, துபாய்ல இருக்கிற ஊர்க்காரங்க பணம் போட்டு ஒரு யமஹா கீபோர்டு வாங்கிக் குடுத்தாங்க. அதை வாசிச்சுக்கிட்டு இருந்த அக்கா போன வருஷம் கல்யாணம் ஆகி நாகர்கோவில் பக்கம் போயிட்டாங்க. அடுத்து யார்னு சபை கூடிப் பேசியிருக்கு. எங்க சித்தப்பா, “அதான் நம்ம பய இன்ஜினீயரிங் படிக்கானே, அவனுக்குத் தெரியாதா?”ன்னு ஒரு போடு போட்டிருக்கார். (வீட்டுல மிக்ஸி ரிப்பேர்னாலும் இதே டயலாக்தான். நான் இ.சி.இ. மூணாவது வருஷம். மிக்ஸியும் தெரியாது.) ஸ்கூல்ல ரெண்டு வருஷம் கீபோர்டு கிளாஸ் போன பாவத்துக்கு, திருநெல்வேலியில காலேஜ் முடிஞ்சு சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏற ஆரம்பிச்சேன்.

நல்லாப் படிச்ச மக்கா!

முதல் வாரமே ஊரைக் கலக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய கீர்த்தனையை எடுத்துக்கிட்டேன். யூடியூப்ல அதை ஒருத்தர் புதுசா, டிரம்ஸ் எல்லாம் வச்சு அட்டகாசமா பாடியிருந்தார். அதே சுருதி, அதே இன்ட்ரோ, அதே பீட். ஹாஸ்டல்ல ஹெட்போன் போட்டு நாலு நாள் பிராக்டீஸ். ரூம்மேட் என்னைக் கொலை பண்ணாம விட்டதே பெரிய விஷயம்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பல்லவியில சபை முழுக்கச் சேர்ந்து பாடிச்சு. முதல் சரணத்துல பாதி சத்தம். ரெண்டாவது சரணத்துல என் குரல் மட்டும் ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்டுது. ஆஹா, எல்லாரும் மெய்மறந்து ரசிக்கிறாங்கன்னு நினைச்சேன். கண்ணை வேற மூடிக்கிட்டேன். இப்ப நினைச்சாலும் காதெல்லாம் சுடுது.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும் ஆச்சி என் கையைப் புடிச்சாங்க. எங்க ஊர்ல பாட்டைப் ‘பாட’ மாட்டாங்க, ‘படிப்பாங்க’. “நல்லாப் படிச்ச மக்கா. நாங்கதான் சும்மா இருந்துட்டு வந்தோம்”னாங்க.

கோபமா சொல்லல. அதான் இன்னும் மோசம். எழுபத்தஞ்சு வருஷமா அந்தப் பாட்டைப் பாடுற ஆச்சி. பள்ளிக்கூடம் மூணாங்கிளாஸோட சரி, ஆனா பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே நூறு பாட்டு சொல்லுவாங்க. வாரம் பூரா வீட்டுல தனியா இருக்கிற மனுஷி. பத்துப் பேரோட சேர்ந்து வாய் திறந்து சத்தமா ஒண்ணைச் சொல்ல அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணரை மணி நேரம்தான் கிடைக்குது. அதுலதான் அவங்களைச் சும்மா உக்கார வச்சிருக்கேன்.

இருந்தாலும் உடனே திருந்திட்டேன்னு நினைக்காதீங்க. வயசானவங்க, அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அடுத்தடுத்த வாரமும் அதே சுருதியில ஓட்டினேன். ஒருநாள் கீபோர்டைத் துணி போட்டு மூடிக்கிட்டு இருக்கும்போது கோயில்பிள்ளை தாத்தா பக்கத்துல வந்து நின்னார். கோயில்பிள்ளைன்னா கோயிலைத் திறந்து, பெருக்கி, மணி அடிச்சு, எல்லாத்தையும் பார்த்துக்கிறவர். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டார், “ஏலே, அஞ்சு கட்டையில எடுத்தா ஒங்க ஆச்சி எங்க போவா?”

ரெண்டு கட்டைக் கணக்கு

கட்டைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். கீபோர்டுல சி-ங்கிற வெள்ளைக் கட்டைதான் ஒண்ணு. டி ரெண்டு, இ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு. ஊடால வர்ற கருப்புக் கட்டை எல்லாம் அரை. எந்தக் கட்டையில உங்க ‘ஸ’ நிக்குதோ, அதுதான் உங்க சுருதி.

அன்னிக்கு ராத்திரி பஸ்ல உக்காந்து, சிக்னல்ஸ் பேப்பருக்குப் படிக்க வேண்டிய நேரத்துல இந்தக் கணக்கைப் போட்டேன். பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்க சிரமமில்லாம பாடுற எல்லை ரொம்பச் சின்னது. பெண்களுக்கு நடு சி-க்குக் கொஞ்சம் கீழ இருக்கிற ஏ-ல ஆரம்பிச்சு, மேல இருக்கிற டி வரைக்கும். ஆண்களுக்கு இதையே ஒரு ஸ்தாயி இறக்கிக்கோங்க. அவ்வளவுதான் இடம். நம்ம கீர்த்தனைகள்ல பலது கீழ் பஞ்சமத்துல இருந்து மேல் சட்ஜம் வரைக்கும் நடமாடும். இப்ப ‘ஸ’வை ரெண்டு கட்டையில, அதாவது டி-ல வைங்க. கீழ் பஞ்சமம் ஏ-ல வரும். மேல் சட்ஜம் டி-ல நிக்கும். அச்சு அசலா அந்த எல்லைக்குள்ள உக்காருது!

நான் பண்ணினது என்ன? ‘ஸ’வை ஜி-ல வச்சேன். ஆம்பளைங்களுக்குப் பல்லவி ஓகே. சரணத்துல பாட்டு மேல் சட்ஜத்துக்குப் போனதும் தொண்டை கிழியும், அவங்க அவுட். பொம்பளைங்க நிலைமை அதைவிடக் கஷ்டம். என் குரலோட அதே ஸ்தாயியில வந்தா, பாட்டு கீழ இறங்கும்போது பேசுற குரலுக்கும் கீழ போயிடுது, சத்தமே வராது. ஒரு ஸ்தாயி மேல போய்ப் பாடலாம்னா, சரணத்துல பயிற்சி எடுத்த சொப்ரானோதான் வரணும். ரெண்டு பக்கமும் சுவரு. ஆச்சி எங்க போவா?

“கச்சேரியில பாடகிகளுக்கு அஞ்சு கட்டை சகஜம்தானே”ன்னு பாட்டு கிளாஸ் போற தோழிகள் கேட்பீங்க. வாஸ்தவம். அவங்க தினம் சாதகம் பண்ணி, அந்தக் கீழ் பஞ்சமத்தையும் கம்பீரமா தொடுவாங்க. எங்க ஆச்சி தினம் பண்றது ஓலை முடையுறதும் கோழி விரட்டுறதும். அதோட, வயசாக ஆகப் பெண்கள் குரல் கொஞ்சம் இறங்கிடும். காலையில எழுந்ததும் யார் குரலா இருந்தாலும் இறங்கித்தான் இருக்கும். எங்க ஆராதனை காலையில எட்டு மணிக்கு.

கோயில்பிள்ளை தாத்தாவுக்கு ஏ, டி, ஹெர்ட்ஸ் எதுவும் தெரியாது. ஆனா ரெண்டு கட்டைன்னு சொன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். “முன்னால நாந்தாம்ல பாட்டெடுத்தேன்”னார்.

அப்பதான் எனக்கே தெரியும். கீபோர்டு வர்றதுக்கு முன்னாடி, நாப்பது வருஷம் அந்தச் சபைக்குப் பாட்டு எடுத்துக் குடுத்தவர் அவர்தான். மைக் இல்ல. கையில ஒரு ஜோடி தாளம். முதல் வரியைத் தனியா பாடுவார், சபை அதைத் திருப்பிப் பாடும். எல்லார்கிட்டயும் புத்தகம் இல்லாத, இருந்தாலும் படிக்கத் தெரியாத காலத்துல பாட்டுப் பரவினது இப்படித்தான். ஸ்காட்லாந்துல லூயிஸ்னு ஒரு தீவு. அங்க கேலிக் மொழியில சங்கீதம் பாடும்போது இன்னிக்கும் எந்த வாத்தியமும் கிடையாது. ஒருத்தர் வரியை எடுத்துக் குடுக்க, சபை அலை மாதிரி பின்னாடி வரும். யூடியூப்ல தேடிப் பாருங்க. எனக்கு முதல் தடவை கேட்டப்போ, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில்பிள்ளை தாத்தா நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

கீபோர்டு வந்தப்போ தாத்தாவை நிறுத்தச் சொன்னது யாருன்னு விசாரிச்சேன். யாரும் சொல்லலையாம். யாரும் கேக்கலை, அவ்வளவுதான். இன்ட்ரோ வாசிச்சா சபை தானா ஆரம்பிச்சுடும், எடுத்துக் குடுக்க ஆள் தேவைப்படல. தாளம் பீரோவுக்குள்ள போயிடுச்சு. தாத்தா மணி அடிக்கிறதோட நிறுத்திக்கிட்டார்.

கல்லு காலாகும் கதை

சுருதி மட்டும் சரி பண்ணினா போதும்னு நினைச்ச என்னை அடுத்த வாரம் பாமாலை கவுத்துச்சு. எங்க பாட்டுப் புத்தகத்துல ரெண்டு சாதி. ஒண்ணு பாமாலை. ஐரோப்பிய மெட்டு, தமிழ் வார்த்தை. இன்னொண்ணு கீர்த்தனை. பல்லவி, சரணம், மேல ராகம், தாளம் பேர் போட்டே அச்சடிச்சிருக்கும்.

கீர்த்தனைன்னதும் முதல்ல வர்ற பேர் வேதநாயக சாஸ்திரியார். 1774-ல பாளையங்கோட்டையில பிறந்தவர். தஞ்சாவூருக்குப் போய் மிஷனரி ஸ்வார்ட்ஸ்கிட்ட படிச்சு, சரபோஜி மன்னரோட நண்பரா இருந்து, 1864-ல இறந்தார். அவர் தஞ்சாவூர்ல எழுதிக்கிட்டு இருந்த அதே காலத்துலதான் கொஞ்ச தூரத்துல திருவையாத்துல தியாகராஜர் பாடிக்கிட்டு இருந்தார்! அந்தக் காத்துதான் சாஸ்திரியார் பாட்டுலயும் வீசுது. 1853-ல எட்வர்ட் வெப்ங்கிற மதுரை மிஷன் பாதிரியார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாவே கொண்டு வந்தார். வெளிநாட்டுக்காரருக்கே புரிஞ்சிருக்கு, இந்த ஜனங்க இந்த மெட்டுலதான் வாயைத் திறப்பாங்கன்னு. அப்புறம் நம்ம தென்காசிப் பக்கத்து சாம்பவர்வடகரையில பிறந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதியை மட்டும் ஆராய்ஞ்சே 1917-ல ‘கருணாமிர்த சாகரம்’னு தலையணை சைஸுக்கு ஒரு புத்தகம் போட்டார். இவ்வளவு பெரிய பரம்பரையில வந்துட்டு நான் யூடியூப் சுருதியைக் காப்பி அடிச்சிருக்கேன். சொல்லவே வெட்கமா இருக்கு.

சரி, பாமாலைக்கு வருவோம். அந்த மெட்டுகள்ல நீள சுரம் எங்க வரும், குட்டை சுரம் எங்க வரும்ங்கிறது வேற மொழிக்காக அமைஞ்சது. தமிழ்ல குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறிடும். ‘கல்’ங்கிற வார்த்தை ஒரு நீள சுரத்துல மாட்டிச்சுன்னா ‘கால்’ ஆயிடும். எங்க பெரியவங்க இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கவனிச்சேன். அந்த இடத்துல உயிரை இழுக்காம, சட்டுன்னு சொல்லிட்டு மெய்யெழுத்தை ‘ல்ல்ல்’னு பிடிச்சு நிறுத்துறாங்க! யாரும் சொல்லித் தரல. நான் புத்தகத்துல இருக்கிற நோட்டை அப்படியே வாசிச்சு, அவங்களை அவசரப்படுத்தி, கல்லைக் காலாக்கிக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணு. கீர்த்தனையில பல்லவி திரும்பத் திரும்ப வரும். சரணம் தெரியாதவங்க, கண்ணாடியை மறந்துட்டு வந்தவங்க, மடியில பேரப்பிள்ளையை வச்சிருக்கவங்க எல்லாரும் பல்லவியில வந்து சேர்ந்துக்கலாம். பாமாலையில பெரும்பாலும் அந்த வசதி இல்ல. நாலு வரி, நாலு வரின்னு அஞ்சு கவி. புத்தகம் வேணும், வெளிச்சம் வேணும், கண்ணாடி வேணும். அதனால கரன்ட் இல்லாத நாள்ல எந்தப் பாட்டு போடணும்ங்கிறது பக்தி விஷயம் மட்டும் இல்ல மக்களே, லைட்டிங் விஷயமும்தான்!

இருபதுல ஒரு பங்கு வினாடி

கடைசி பெஞ்சுல, வாசலை ஒட்டி, ஒரு பனையேறித் தாத்தா உக்காருவார். (அவசரத்துக்குப் பீடி குடிக்க வெளிய போக வசதி.) அவர்தான் எனக்கு வில்லன். எல்லாரும் ஒரு வரியை முடிச்சு மூச்சு வாங்கும்போது, அவர் மட்டும் அரைத் தாளம் லேட்டா, சாவகாசமா முடிப்பார். குரல் வேற பனை உச்சியில இருந்து கூப்பிடுற குரல். கோயிலே அதிரும். எனக்கு எரிச்சல். கீபோர்டுல ரிதம் 84-ல இருந்ததை 96 ஆக்கிப் பார்த்தேன். மத்தவங்க மூச்சு முட்டினாங்க. அவர் அப்பவும் அதே அரைத் தாளம் கழிச்சு, அதே நிதானத்தோட வந்து சேர்ந்தார். வெளிய வந்ததும், “ஏலே, என்ன, பஸ்ஸைப் புடிக்கவா போறோம்?”னு கேட்டார்.

இதுலயும் கொஞ்சம் ஃபிசிக்ஸ் இருக்கு. எங்க கோயிலை எட்டு வச்சு அளந்தேன், முன்னால இருந்து வாசல் வரைக்கும் 17 மீட்டர் வருது. சத்தம் வினாடிக்கு சுமார் 345 மீட்டர் போகும். ஆக, என் கீபோர்டு சத்தம் அவர் காதுக்குப் போகவே இருபதுல ஒரு பங்கு வினாடி ஆகுது. அவர் அதைக் கேட்டுப் பாடினது எனக்குத் திரும்பி வர இன்னொரு இருபதுல ஒரு பங்கு. அவர் கரெக்டா பாடினாலே எனக்குப் பத்துல ஒரு பங்கு வினாடி லேட்டாத்தான் கேட்கும்! நான் அவருக்காகத் தயங்கினா, அவர் எனக்காக இன்னும் தயங்குவார். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் காத்திருந்தா பாட்டு ஜவ்வா இழுக்கும். அதுக்காக அவரை விட்டுட்டு ஓடவும் கூடாது. தாளத்தைக் கையில உறுதியா புடிச்சுக்கிட்டு, வரி முடிவுல மட்டும் ஒரு மூச்சு இடம் விடணும். ஆட்டோ ரிதத்துக்கு மூச்சு விடத் தெரியாது. அதனால ரிதம் பட்டனை அணைச்சுட்டேன். அன்னிக்கு என் சித்தப்பா பையன் ரொம்ப வருத்தப்பட்டான், அவனுக்கு அந்த டமுக்கு டிப்பான்தான் கோயில்லயே பிடிச்ச விஷயம்.

இந்த லேட் பிரச்னை எனக்கு மட்டும் வந்ததில்லங்கிறது ஒரு ஆறுதல். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1761-லயே சபையில பாடுறவங்களுக்கு ஏழு ரூல் போட்டிருக்கார். எல்லாரும் பாடணும், அரைத்தூக்கத்துல பாடக் கூடாது, மத்தவங்களை அமுக்கிட்டுக் கத்தக் கூடாது, முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது... அந்தக் கத்தக் கூடாதுங்கிற ரூல் எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு. பின் பெஞ்சு தாத்தாவுக்குப் பிந்தாதேங்கிற ரூல்.

அப்புறம் நான் செஞ்சது எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். ஸ்பீக்கர்ல என் மைக்கைப் பாதியா குறைச்சேன். ரெண்டாவது சரணத்துல பாடுறதையே நிறுத்திட்டு, சும்மா சுருதி மட்டும் புடிச்சுக்கிட்டு, சபை என்ன பண்ணுதுன்னு கேட்டேன். முதல் தடவை செஞ்சப்போ பயமா இருந்துச்சு, பாட்டு அப்படியே நின்னு போயிடுமோன்னு. நிக்கல. இன்ட்ரோவுக்கு ஸ்டைலா எதையோ வாசிக்காம, பல்லவியோட கடைசி வரியை அப்படியே வாசிச்சேன். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எவ்வளவு வேகம்னு மூணும் அதுலயே சொல்லியாச்சு. புதுப்பாட்டுன்னா மாசத்துக்கு ஒண்ணுக்கு மேல போடுறதில்ல.

எல்லாம் ஒழுங்கா போச்சுன்னும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் அன்னிக்கு அதிகாலை ஆராதனை. முந்தின ராத்திரி சின்னப் பசங்க கீபோர்டுல விளையாடி, டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு தட்டு ஏத்தி வச்சுட்டுப் போயிருக்காங்க. நான் பாட்டுக்கு டி-ல கை வச்சேன், சத்தம் நாலரைக் கட்டையில வந்துச்சு. அந்த நேரத்துல, தூங்கி எழுந்த தொண்டையோட, புதுச் சட்டை போட்ட மொத்த சபையும் முதல் வரியில ‘ஞே’ன்னு முழிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. இப்பல்லாம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டனைப் பார்த்துடுவேன். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் பார்க்குற மாதிரி.

கோயில்பிள்ளை தாத்தாகிட்ட, வாரம் ஒரு கீர்த்தனையாவது நீங்க எடுத்துக் குடுங்க, நான் கீபோர்டைத் தொட மாட்டேன்னு கெஞ்சினேன். “சத்தம் போயிட்டுல மக்கா”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். ரெண்டு மூணு தடவை கேட்டேன். அதுக்கு மேல கேட்க எனக்கே சங்கடமா இருந்துச்சு.

இந்த வருஷம் பொங்கல் லீவுல நான் ஊர்ல இருக்கும்போது பனையேறித் தாத்தா இறந்துட்டார். ராத்திரி தூக்கத்துலயே. காலையில கோயில் மணி ஒண்ணு ஒண்ணா விட்டு விட்டு அடிச்சப்போதான் எனக்குத் தெரியும்.

வீட்டு முத்தத்துல பந்தல். கீபோர்டு கோயில்ல இருக்கு, அதைத் தூக்கிட்டு வர யாருக்கும் தோணல, எனக்கும் தோணல. சபை ஊழியர் ஜெபம் பண்ணிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தாத்தாவுக்குப் பிடிச்ச கீர்த்தனைதான். எத்தனை வாரம் வாசிச்ச பாட்டு. ஆனா கையில கட்டை இல்லாம, சுத்தி அழுதுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு நடுவுல நின்னு எடுக்குறது வேற. பதற்றத்துல குரல் தானா மேல ஏறிடும். நாலு கட்டையோ நாலரையோ, எங்கயோ உச்சியில எடுத்துட்டேன். முதல் வரி பாடும்போதே தெரிஞ்சுபோச்சு, சரணத்துக்குப் போனா யாரும் வர மாட்டாங்கன்னு. அழுத தொண்டைக்கு மேல் ஸ்தாயி கிடையாது. நிறுத்தவும் முடியல, இறக்கவும் தெரியல.

என் தோள்ல ஒரு கை விழுந்துச்சு. நான் அந்த வரியை முடிக்கிற வரைக்கும் கோயில்பிள்ளை தாத்தா காத்திருந்தார். ஒரு மூச்சு விட்டார். அப்புறம் அதே வரியை, முதல்ல இருந்து, கீழ எடுத்தார். குரல் கரகரன்னு இருந்துச்சு, ஒண்ணு ரெண்டு இடத்துல காத்துதான் வந்துச்சு. ஆனா சுருதி ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. பந்தலுக்குள்ள இருந்த பொம்பளைங்க அழுகையோடவே அந்த வரியைத் திருப்பிச் சொன்னாங்க. முத்தத்துல நின்ன ஆம்பளைங்க சேர்ந்தாங்க. வீட்டுக்குள்ள இருந்து எங்க ஆச்சி குரல் தனியா கேட்டுது. கல்லறைத் தோட்டம் போற வழி பூரா தாத்தாதான் எடுத்துக் குடுத்தார். நான் பின்னாடி நடந்து திருப்பிச் சொன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு ஆராதனை. முதல் பாட்டு பாமாலை. முதல் கவி முடிஞ்சது. எல்லாரும் மூச்சு வாங்கினோம். ரெண்டாவது கவியை யாரும் ஆரம்பிக்கல. நானும் ஆரம்பிக்கல. அந்த அரைத் தாளத்துக்காக மொத்தக் கோயிலும் வாசல் பக்கமா காதை வச்சுக்கிட்டு நின்னுது.

அப்புறம் டி-ல கையை வச்சேன், அடுத்த கவிக்குப் போனோம். மூணாவது பாட்டு நம்பருக்கு நேரா, பலகையில ‘கீர்த்தனை’ன்னு சாக்பீஸ்ல எழுதி, பக்கத்துல சின்னதா ஒரு ஜோடி தாளம் வரைஞ்சிருந்துச்சு. அது யார் வேலைன்னு நான் கேக்கல. கோயில்பிள்ளை தாத்தா பீரோ சாவியை எடுத்துக்கிட்டு எழுந்தார்.